கிறிஸ்தவம் ‘வெள்ளையரின் மதம்’ அல்ல

“கிறிஸ்தவம் வெள்ளையரின் மதம், அடிமைகளான பிறகுதான் கறுப்பின மக்கள் இயேசுவின் பெயரையே கேட்டார்கள்.” அமெரிக்கக் கறுப்பின இளைஞர்கள் பலரிடம் பரவியிருக்கும் இந்தக் கூற்று தவறு.

எத்தியோப்பியாவின் அக்சும் அரசர் எசானா 4ஆம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவத்தைத் தழுவி, தம் நாணயங்களில் சிலுவையைப் பொறித்தார். இங்கிலாந்தின் ஆங்கிலோ-சாக்சன் அரசர்கள் ஞானஸ்நானம் பெற்றது அதற்கு 200 ஆண்டுகளுக்கும் பிறகுதான்.

ஆனால் இந்தக் கூற்றின் பின்னால் இருக்கும் காயம் பொய்யல்ல. மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென 1807இல் லண்டனில் அச்சிட்ட வேதாகமத்தில், இஸ்ரவேலர் எகிப்திலிருந்து விடுதலையாகும் பகுதியையே வெட்டிவிட்டார்கள். வேதத்தையே விலங்காக்கிய கொடுமை அது!

அடிமையாகப் பிறந்த ரிச்சர்ட் ஆலனோ அந்த விலங்கை ஏற்கவில்லை. பிலடெல்பியாவில் வெள்ளையர் நடத்திய ஆலயத்தில், ஜெபித்துக்கொண்டிருந்த தம் தோழர்களை முழங்காலிலிருந்து இழுத்தெழுப்பியபோது அவர்களோடு வெளியேறினார். 1816இல் உருவான ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எப்பிஸ்கோப்பல் திருச்சபையின் முதல் பேராயரும் அவரே.

கறுப்பின இளைஞர்களிடம் நற்செய்தி சொல்லப் போகிறவர்கள் எசானாவைச் சொல்லி 1807ஐ மறைக்கக் கூடாது. அவர்களுடைய பாட்டன் பூட்டன் பட்ட வேதனையை அது அவமதிக்கும். சுவரில் மாட்டிய பொன்னிறக் கூந்தல் இயேசுவின் படத்தையும் முதலில் கழற்றிவிடுங்கள். அவர் மேற்காசியாவில் பிறந்த யூதர்.