பிளைண்ட் ஓடுகிறது, இவர் யோசிக்கிறார்

வார இறுதியில் சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் நண்பர்கள் கூடி போக்கர் ஆடுவோம். கடைசி எம்ஆர்டி ரயிலைப் பிடிக்க வேண்டும் என்பதால் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பிளைண்ட், அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் பந்தயம், இரட்டிப்பாகும். சரி, அது ஏற்றுக்கொண்டதுதான். ஆனால் ஒருவர் சீட்டின் ஓரத்தை மெல்லத் தூக்கிப் பார்த்து, சிப்ஸை (பந்தயம் வைக்கும் வில்லைகளை) அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்கி, கடைசியில் ‘போல்டு’ (விலகுகிறேன்) என்கிறாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை! ஒரு கை, அதாவது ஒரு சுற்று ஆட்டம், முடிய இரண்டரை நிமிடம் என்றால் பிளைண்ட் ஏறும் பத்து நிமிடக் கட்டத்துக்கு நான்கே கை.

ஆளுக்கு 3,000 சிப்ஸ், பிளைண்ட் 25/50 (சிறியது 25, பெரியது 50) என்று தொடங்கினால் ஒருவரிடம் 60 பெரிய பிளைண்டுக்கான சிப்ஸ் இருக்கும். மூன்று முறை ஏறி 200/400 ஆனதும் ஒரு சிப்பும் இழக்காதவரிடமே ஏழரைதான் மிஞ்சும். இந்த நிலையில் ‘நல்ல சீட்டு வரட்டும், அண்ணே’ என்கிறார்கள். முதலில் கிடைக்கும் இரண்டு சீட்டில் ஆகச் சிறந்ததான இரண்டு ஏஸ் சராசரியாக 221 கைக்கு ஒரு முறைதான் வரும். அதுவரை ஆட்டம் இருக்குமா? பத்து பிளைண்டுக்குக் கீழே வந்துவிட்டால், முன்னால் யாரும் நுழையாத நேரம் பார்த்து மொத்தத்தையும் தள்ள வேண்டும், இல்லையேல் சீட்டைப் போட்டுவிட வேண்டும். பெரிய பிளைண்ட் அளவுக்கு மட்டும் போட்டு எட்டிப் பார்ப்பது வீண். கையிருப்பு மூன்று பிளைண்டாகக் குறையும்வரை காத்திருந்தால் அப்புறம் எவரும் பயந்து விலகமாட்டார்கள்.

யோசிக்க 30 விநாடி என்று வைக்கலாமே என்றால், ‘விளையாட்டுதானே, விடுங்க’ என்கிறார்கள். எப்படி விடுவது? அவர் யோசிக்கும் நேரம் என் சிப்ஸையும் சேர்த்துத்தானே தின்கிறது!