சராசரி கூடிவிட்டதாம், சந்தோஷம்

முந்தாநாள் கூத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இங்கே அண்ணன் ஒருவர் போட்ட வரைபடம், சராசரி வருமானம் கூடுகிறதென்று மேலே ஏறும் பச்சைக் கோடு, சின்னக் கிராமங்கள் செழிக்கின்றன என்ற தலைப்பு, கீழே நான் கேட்ட ஒரே ஒரு கேள்வி, அதற்கு விழுந்த சிரிப்புப் பொம்மைகள். பதில் வரவில்லை, சிரிப்பு மட்டும் வந்தது. சரி, இங்கேயே எழுதிவிடுகிறேன்.

அந்தக் கோட்டின் தொடக்கத்தில் இருந்தவர்களும் முடிவில் இருப்பவர்களும் அதே ஆட்களா? இவ்வளவுதான் என் கேள்வி.

பத்து வீடு உள்ள ஊர் என்று வையுங்கள். ஐந்து வீட்டுக்கு வருமானம் 10, ஐந்து வீட்டுக்கு 20. சராசரி 15. 10 வருமானக்கார வீடுகளில் மூன்று, பிழைப்பு தேடிக் கிளம்பிவிட்டன. மிச்சம் ஏழு வீட்டுக்குச் சராசரி போட்டால் 17க்கு மேல். அப்புறம் ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி ஒருவர் அமைதி தேடி வந்து வீடு கட்டுகிறார், அவருக்கு 200. சராசரி 40! பச்சைக் கோடு கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிறது. சராசரியை விடு, வரிசையில் நடுவில் நிற்பவரைப் பார், இடைநிலையைப் பார் என்று புள்ளியியல் படித்தவர்கள் உடனே வருவீர்கள், தெரியும். பார்த்தேன். அதுவும் 15லிருந்து 20 ஆகிவிட்டது. ஆனால் அங்கேயே கிடந்த ஏழு வீட்டில் ஒரு வீட்டுக்கும் ஒரு காசு கூடவில்லை. மறுபடி சொல்கிறேன், ஒரு காசு கூடவில்லை. ஆட்கள்தான் மாறினார்கள்.

அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் மோனோவை என்று ஓர் ஊர். 2000 கணக்கெடுப்பில் கணவன், மனைவி இரண்டே பேர். 2004இல் கணவர் இறந்தார், 2010இல் மக்கள்தொகை 1. ஊர்த் தலைவரும் நூலகரும் அந்த அம்மாவேதான். 2020இல் கணக்கு 2 என்று காட்டியது. யாரும் குடிவரவில்லை, தனி ஆளின் விவரம் வெளியே தெரியக் கூடாதென்று கணக்கெடுப்புத் துறையே எண்களைக் கொஞ்சம் கலைத்து வெளியிட்டதில் வந்த கூடுதல் ஆள் அது. நூறு சதவீத வளர்ச்சி. அண்ணன் கையில் கிடைத்திருந்தால் அதற்கும் ஒரு பச்சைக் கோடு போட்டிருப்பார்.

நானும் ஒரு காலத்தில் கூலிக்குக் கணக்கெடுக்கப் போனவன். ஒரு பாட்டியிடம் வீட்டில் எத்தனை பேர் என்றேன். ஐந்து என்றார். கடந்த ஆறு மாதமாக இங்கேயே தங்கியிருப்பவர்கள் எத்தனை பேர் என்று படிவத்தில் உள்ளபடி கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு விரலைக் காட்டினார். 1 என்று எழுதினேன். மகன் அனுப்பும் பணத்தையும் எழுத வேண்டும். மாதா மாதம் வருமா என்றால், "அனுப்புற மாசம்தான் மாசம்" என்றார். ஒரு தொகையை நானே தோராயமாகப் போட்டேன். ஐந்து பேருக்கான பணம் ஒரே தலைக்கு வகுபட்டதும், அந்தத் தெருவிலேயே பணக்காரி அவர்தான்! சுவரில் ஒரே ஆணியில் நான்கு சாவிகள் தொங்கின, ஒவ்வொன்றிலும் வேறு வேறு நிறத் துணி கட்டியிருந்தது. அக்கம்பக்கத்து வீடுகளாம், யாராவது வந்தால் திறந்துவிடக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். என் படிவத்தில் அந்த நான்கும் "பூட்டிய வீடு". பூட்டிய வீடு சராசரியில் சேராது.

போகிறவர்களைத் தடுக்கச் சொல்கிறாயா என்பீர்கள். எங்கே சொன்னேன்? போகட்டும், நன்றாக இருக்கட்டும். அனுப்பும் பணம் ஊருக்குத்தானே வருகிறது என்பது நியாயமான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன், ஓட்டுக்கூரை தளம் ஆகிறது, கடன் அடைகிறது. ஆனால் அந்தத் தளத்துக்குக் கீழே படுக்க ஆள் வேண்டாமா? படிக்கிற வயதில் இருப்பவர்கள் போனால் பள்ளிக்கூடம் போகும், பள்ளிக்கூடம் போனால் சின்னப் பிள்ளை வைத்திருக்கிற அடுத்த குடும்பம் போகும். அதற்கெல்லாம் கோடு போட யாருக்கும் கை வருவதில்லை.

இதெல்லாம் பரவாயில்லை. நீயும் ஓடிப்போன ஆள்தானே, உனக்கென்ன ஊர்ப்பாசம் என்று ஒருத்தர் எழுதினார் பாருங்கள், அதற்குப் பத்து விருப்பம் வேறு. ஆமாம், போனேன். அன்றைக்கு என் வருமானம் பூஜ்யம். பூஜ்யம் வெளியேறினால் மீதிப் பேரின் தனிநபர் வருமானம் ஏறும், கணக்குப் போட்டுப் பாருங்கள். அண்ணன் கணக்குப்படி, நான் பெட்டியோடு பஸ் ஏறியதுதான் ஊருக்குச் செய்த முதல் வளர்ச்சிப் பணி. என்னை வழியனுப்ப நின்று அழுத அம்மாவுக்கு இது தெரியாமல் போய்விட்டது.

அந்தப் படத்தை நீக்கச் சொல்லவில்லை. கோட்டுக்குக் கீழே அந்தந்த வருடம் ஊரில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று ஒரு எண் போடுங்கள் அண்ணா, என் கேள்விக்கு அதுவே பதில். அந்தக் கேள்விக்குத்தான் அவ்வளவு சிரிப்பு.