ஸ்டோமா வைப்பது கடைசிப் பத்து நிமிட வேலையா?

குடல் கட்டியை வெட்டி எடுக்கும்வரை சீனியர் சர்ஜன் நிற்பார். ஸ்டோமா, அதாவது மலம் பையில் சேர வயிற்றுத்தோலில் குடலைத் திறந்துவைக்கும் வாய், வைக்கும் கட்டம் வந்ததும், "நீ முடிச்சிடுப்பா" என்று ஜூனியரிடம் விட்டுவிட்டுக் கையுறையைக் கழற்றுவார். இந்த வழக்கம் தவறு. உள்ளே எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும், நோயாளி தினமும் மல்லுக்கட்டப் போவது அந்த ஸ்டோமாவோடுதான்.

ஆபரேஷனுக்கு முன்பே இடத்தைக் குறித்துவிட வேண்டும். படுக்கவைத்து மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். படுக்கையில் சமமாகத் தெரியும் வயிறு, உட்கார்ந்ததும் மடியும். மடிப்புக்குள் போன ஸ்டோமாவில் எந்தப் பையும் நிற்காது. உட்காரவைத்து, நிற்கவைத்து, குனியச் சொல்லிப் பாருங்கள். தொப்புள், தழும்பு, இடுப்பெலும்பு, பெல்ட் கட்டும் இடம் எல்லாம் தள்ளியே இருக்கட்டும். வயிற்றின் முன்புறம் நெடுக்காக ஓடும் ரெக்டஸ் தசைக்குள் வர வேண்டும், நோயாளியின் கண்ணுக்கும் தெரிய வேண்டும். தொப்பை பெரிதென்றால் தொப்புளுக்கு மேலே. அவசர ஆபரேஷனுக்கும் இது பொருந்தும். பேனாவால் குறிக்க எத்தனை நேரம் ஆகிவிடும்?

இலியோஸ்டமியில் (சிறுகுடலில் வைக்கும் ஸ்டோமா) உயரம்தான் உயிர். சிறுகுடல் நீரில் உள்ள செரிமான நொதிகள் தோலையே அரித்துவிடும். அதனால்தான் 1952-இல் பிரையன் ப்ரூக் குடலின் நுனியைச் சட்டைக் கையைப்போல மடித்துவிடும் முறையைச் சொன்னார். வயிற்றுக்கு வெளியே சுமார் 5 செ.மீ. குடல் இழுபடாமல் வர வேண்டும். மடித்தபின் 2 முதல் 3 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும். கரையும் நூலில் ஒவ்வொரு தையலுக்கும் மூன்று கடி, அதாவது ஊசி மூன்று இடத்தில் குத்தி எடுக்க வேண்டும்: வெட்டிய விளிம்பின் முழுக்கனம், தோல் மட்டத்தில் குடலின் வெளிச்சுவர் மட்டும், பிறகு தோலின் உள்ளடுக்கு. எல்லாத் தையலையும் போட்டுவிட்டுச் சேர்த்துக் கட்டினால் குடல் தானே புரளும். நடுக்கடி ஆழமாகப் போனால் ஃபிஸ்டுலா (குடலில் ஓட்டை விழுந்து கசியும் பாதை) வரும். ஊசி மேல்தோலில் ஏறினால் குடலின் சளிச்சவ்வு அங்கே முளைத்து, ஒட்டாத ஈரத் திட்டாகிவிடும். கொலோஸ்டமிக்கு (பெருங்குடலில் வைக்கும் ஸ்டோமா) 1 செ.மீ. உயரமே தாராளம்.

குடலை முழுதாகத் துண்டிக்காமல் வளையமாக வெளியே எடுத்து வைக்கும் லூப் ஸ்டோமாவுக்கு அடியில், அது உள்ளே போகாமலிருக்கக் கம்பி வைப்பதை நான் பழக்கதோஷம் என்றே சொல்வேன். குடல் தளர்வாக வந்தால் கம்பி வேண்டாம். இழுத்துப்பிடித்துத் தைத்திருந்தால், கம்பியை எடுத்த மறுநாளே ஸ்டோமா உள்ளே போய்விடலாம். ஒப்பீட்டு ஆய்வுகளிலும் கம்பியால் அது குறைவதாகத் தெரியவில்லை. நடுவில் பையைத் தோலோடு ஒட்டும் தட்டு சரியாக ஒட்டாமல் கசிந்து, தோல் புண்ணாவதுதான் மிச்சம்.

தற்காலிக ஸ்டோமா என்றால் என் தேர்வு பெரும்பாலும் லூப் இலியோஸ்டமிதான். குறுக்குப் பெருங்குடலில் வைத்தால் குடல் பிதுங்கும் தொல்லை அதிகம். ஆனால் இலியோஸ்டமியில் ஒரு நாளைக்கு 1.5 லிட்டருக்கு மேல் போக ஆரம்பித்தால் நீரும் உப்பும் வேகமாக வற்றும். சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்த முதியவருக்கு அதை வைக்கும் முன் இரண்டு முறை யோசியுங்கள். வைத்தே ஆக வேண்டுமென்றால், போகும் அளவை அளந்து எழுதவும், உப்பு-சர்க்கரைக் கரைசல் குடிக்கவும் கற்றுக்கொடுக்காமல் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.