கொலையாளியை நான் மாற்றவில்லை

இங்கே வாராவாரம் நான் எழுதிய த்ரில்லர் தொடரை இன்னும் முடிக்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கொலையாளி யாரென்று சொல்லப்போகிறேன். கடைசியில் கொலையாளியை மாற்றிவிட்டேன் என்று ஒரு வாசகர் போட்ட பதிவைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

“எல்லாரும் டாக்டர்தான்னு கண்டுபிடிச்சிட்டாங்க, அதான் கடைசி நேரத்துல மைத்துனன் தலையில கட்டிட்டார்.” இழுவை என்று எழுதியிருந்தால் வாயே திறந்திருக்க மாட்டேன். முடிவு சப்பென்று இருக்கிறது என்றாலும் சரி. ஆனால் ஏமாற்றிவிட்டேன் என்கிறீர்கள். த்ரில்லர் எழுதுகிற யாரும் அதைத் தாங்கிக்கொள்ள மாட்டார்கள்.

மூன்றாம் அத்தியாயத்தை எடுங்கள். வீட்டு வேலை செய்யும் அம்மா வராந்தா பெருக்க வரும்போது கொலையான பெரியவர் அறையின் ஜன்னல் கண்ணாடி வெளிப்பக்கம் வியர்த்துக் கிடக்கிறது. முந்தானையால் துடைத்துவிட்டுப் போகிறார். வெளியே புழுக்கம், உள்ளே ராத்திரி முழுக்க ஏ.சி. உச்சத்தில். கதவை உடைத்ததும் எல்லோரும் கட்டிலுக்கு ஓடுகிறார்கள். மைத்துனன் மட்டும் நேரே போய், குளிர் வெளியேற ஜன்னலைத் திறக்கிறான். இதற்கு மேல் என்னதான் காட்டுவது?

அந்த ஜன்னலே ஒரு வாசகியால் வந்தது. தொடர் தொடங்குவதற்கு முன், பிணத்தின் விறைப்பு பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று இங்கேதான் கேட்டிருந்தேன். செவிலியர் ஒருவர் நைட் டூட்டி முடித்து வந்த அலுப்போடு வாய்ஸ் நோட் அனுப்பினார். இமை, தாடை, கழுத்தில் முதலில் தெரியும், கை கால் அப்புறம், அறை குளிர்ந்து கிடந்தால் எல்லாமே தள்ளிப்போகும் என்றார். நடுவில் “பாலைக் குடிடா” என்று பிள்ளைக்கு ஓர் அதட்டல். விறைப்பு பிந்தினால் சாவு நேரமும் பிந்தித் தெரியும். அந்த நேரத்தில் மைத்துனன் கல்யாண வீட்டில் நூறு பேர் கண்ணெதிரே இருக்கிறான். முதல் வரி எழுதும் முன்பே கொலையாளி அவன்தான். மாற்ற எங்கே இடம்?

இந்தத் துப்புகளைப் பிறகு திருத்திச் சேர்த்திருக்கலாமே என்பீர்கள். பதிவின் எடிட் ஹிஸ்டரி எல்லோருக்கும் திறந்துதான் இருக்கிறது. ஒரு தட்டு தட்டிப் பார்க்க உங்களுக்கு நேரமில்லை, பத்தி பத்தியாக எழுத நேரமிருந்தது.

பெரிய எழுத்தாளர்களே திருத்தியிருக்கிறார்கள் என்று ஒரு நண்பர் வந்தார். உண்மைதான். ஆங்கில நாவலாசிரியர் வில்கி காலின்ஸ் 1859, 1860-ல் வாரவாரம் எழுதிய ‘தி உமன் இன் ஒயிட்’ புத்தகமானதும், தேதிக் கணக்கு இடிக்கிறது என்று டைம்ஸ் பத்திரிகை பிடித்துவிட்டது. பின்னால் வந்த பதிப்பில் சரிசெய்தார். அவர் திருத்தியது தேதியை, குற்றவாளியை அல்ல. குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே தலைகாட்டியிருக்க வேண்டும் என்று துப்பறியும் கதை எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் 1929-ல் விதியே எழுதிவைத்தார். என் மைத்துனன் முதல் அத்தியாயத்திலேயே காபி டம்ளரோடு வருகிறான்.

“பப்ளிக்கா எழுதினா விமர்சனம் வரத்தான் செய்யும்.” வரட்டுமே! நீங்கள் டாக்டரைச் சந்தேகிக்க வேண்டும் என்றுதான் அவர் பையையும் பதற்றத்தையும் அத்தனை முறை எழுதினேன். அதில் விழுந்தது உங்கள் குறையில்லை, அதுதான் இந்த ஆட்டம். ஆனால் உங்கள் ஊகம் தப்பியதற்கு என் நேர்மையை ஏன் இழுக்கிறீர்கள்?

எனக்குப் பதிப்பகம் கிடையாது, எனக்காகப் பேச எடிட்டர் கிடையாது. வேலை முடிந்து வந்து, வீடு தூங்கின பிறகு எழுதி, வெள்ளிக்கிழமை தவறாமல் போட்டேன். காய்ச்சலிலும் போட்டேன். இருப்பது வாசகர்கள் மட்டும்தான். அந்தப் பதிவுக்குக் கீழே சிரிப்புப் பொம்மை போட்டவர்களின் பட்டியலைப் பார்த்தேன். முதல் அத்தியாயத்திலிருந்து வாராவாரம் இன்பாக்ஸில் வந்து, “அடுத்தது எப்போ?” என்று கேட்டவர் ஒருவர் அதில் இருக்கிறார். பதிவை எழுதினவரை எனக்குத் தெரியாது, அவர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். வாராவாரம் வந்து கேட்ட உங்களுக்கு என் இன்பாக்ஸ் திறந்தே இருந்தது. சிரிப்பதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.