அண்டார்டிகாவுக்குப் போகத் தடை ஏதும் இல்லை

"1959ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி அண்டார்டிகாவில் பொதுமக்கள் கால் வைக்கக் கூடாது" என்னும் செய்தி, மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டத்து வாட்சாப் குழுக்களில் சுற்றி வருகிறது, அது தவறு. 12 நாடுகள் கையெழுத்திட்ட அவ்வொப்பந்தம் இராணுவ நடவடிக்கைகளையும் அணுகுண்டு வெடிப்பையும் தடுக்கிறதே தவிர, பயணிகளைத் தடுக்கவில்லை. நவம்பர் முதல் மார்ச் வரை அர்ஜென்டினாவின் உசுவாயா துறைமுகத்திலிருந்து சுற்றுலாக் கப்பல்கள் புறப்படுகின்றன. ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் கரையிறங்கக் கூடாது என்பதும், அயல் விதை ஒன்றுகூட ஒட்டிச் செல்லாதபடி காலணிகளைக் கழுவிய பின்னரே இறங்க வேண்டும் என்பதும் அங்குள்ள விதிகள். (நம் பால்மரக்காட்டுச் செம்மண்ணோடு போனால் விடமாட்டார்கள்.) செலவு மிகப் பெரியது என்பது வேறு கதை. மலேசியாவும் 2011இல் இவ்வொப்பந்தத்தில் இணைந்துவிட்டது. முழு வாசகமும் அண்டார்டிக் ஒப்பந்தச் செயலகத்தின் இணையத்தளத்தில் உள்ளது. அதைப் பார்த்துவிட்டு, அச்செய்தியைப் பகிர்வதை அன்புகூர்ந்து நிறுத்துங்கள்.