தெர்மாகோல் கப் ஓட்டையானால் மீன் எண்ணெய் விஷமா?

மீன் எண்ணெய் மாத்திரையை உடைத்து தெர்மாகோல் கப்பில் ஊற்றி, அது கரைந்ததும் "உங்க குடலும் இப்படித்தான்" என்று பயமுறுத்தும் வீடியோ சுற்றுகிறது. கப் கரைவது நிஜம், முடிவுதான் தப்பு.

மீனில் கொழுப்பு அமிலங்கள் மும்மூன்றாகக் கிளிசரால் என்ற மூலக்கூறு மீது ஒட்டியிருக்கும். ஒமேகா-3 வகையான ஈபிஏ-வை மட்டும் தனியாக எடுக்க, அவற்றைப் பிரித்து எத்தனாலோடு இணைத்து எத்தில் எஸ்டராக மாற்றி, காய்ச்சி வடித்து, தேவைப்பட்டால் திரவ குரோமட்டோகிராஃபி தூணுக்குள் (கலவையில் உள்ளவற்றைத் தனித்தனியாகப் பிரிக்கும், தூள் நிரப்பிய குழாய்) விடுவார்கள். தூணில் இருப்பது 18 கார்பன் சங்கிலி ஒட்டிய சிலிக்கா தூள் என்றால், 5 இரட்டைப் பிணைப்புள்ள ஈபிஏ அதிகம் ஒட்டாமல் சீக்கிரம் வெளியே வரும், இரட்டைப் பிணைப்பே இல்லாத பால்மிடிக் அமிலம் என்ற இன்னொரு கொழுப்பு அமிலம் தூளைப் பிடித்துக்கொண்டு தாமதமாகத்தான் வரும்.

தெர்மாகோல் என்பது பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்தான், இந்த எத்தில் எஸ்டர் அதைக் கரைக்கும். ஆரஞ்சுத் தோல் எண்ணெயும்தான் கரைக்கும்! நம் குடல் பாலிஸ்டைரீனால் ஆனதில்லையே. சுத்திகரித்த ஈபிஏ எத்தில் எஸ்டரை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2012-இல் மருந்தாகவே அங்கீகரித்தது. சரி, குறையே இல்லையா? உண்டு, வெறும் வயிற்றில் இது சரியாக உறிஞ்சப்படாது, சாப்பாட்டோடு எடுக்க வேண்டும்.