ஆவணித் தண்ணீரைக் காட்டிவிட்டு லொட்ஜ் கட்டுங்கள்

கனடாவிலிருந்து வந்த மாமா ஒருவர் மன்னார் மாவட்டத்து முசலிப் பக்கம் காணி பார்த்துத் திரிகிறார். வில்பத்து தேசியப் பூங்காவைப் பார்க்க வருகிறவர்களுக்குப் பத்து அறையில் ஒரு சபாரி லொட்ஜ் போடுவது அவருடைய எண்ணம். வரைபடத்தை விரித்துக் காட்டினார். ஓலைக் குடில்கள், நீச்சல் தடாகம், முன்னால் கால் ஏக்கர் புல்தரை. தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்டேன். "குழாய்க்கிணறு ஒன்று அடிச்சாச் சரி தம்பி" என்றார். குப்பை? "பிரதேச சபை எடுக்கும்தானே."

வன்னியில் காட்டோரம் லொட்ஜ் போட நினைக்கிற யாரைக் கேட்டாலும் இந்த இரண்டு பதில்தான் வருகிறது. எங்கள் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். மடு வீதியும் சுண்டிக்குளமும் 2015 இல் தேசியப் பூங்காக்களாகிவிட்டன, வங்காலைக்குப் பூநாரை பார்க்கவென்றே ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் தங்க இடம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அந்த இரண்டு பதிலோடு கட்டப்படுகிற லொட்ஜ் ஊருக்கும் காட்டுக்கும் கேடு என்றுதான் நினைக்கிறேன்.

சபாரிக்கு நல்ல காலம் எது என்று யோசித்துப் பாருங்கள். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை. சோழகக் காற்று அடித்துப் பற்றைகள் காய்ந்து, காட்டுக்குள் இருக்கிற சின்னக் குளங்கள் வற்றி, மிருகங்கள் மிச்சமிருக்கிற தண்ணீரைத் தேடி வெளியே வருகிற காலம். மழைநீரால் நிரம்புகிற வில்பத்தின் வில்லுகள் என்கிற இயற்கை ஏரிகளைச் சுற்றி யானையும் சிறுத்தையும் மானும் லேசாகக் கண்ணில் படுவது அப்போதுதான். லொட்ஜின் அறைகள் நிரம்புகிற மாதமும் எங்கள் கிணறுகளில் அடிமண் தெரிகிற மாதமும் ஒன்றே. ஆகவே "வருடத்துக்கு இவ்வளவு மழை பெய்யுது, பயமில்லை" என்ற கணக்கை யாரும் என்னிடம் கொண்டுவர வேண்டாம். மாரியில் குளம் வான் பாய்கிறபோது தண்ணீர் எல்லாரிடமும் இருக்கும். ஆவணியில் எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள்.

குழாய்க்கிணறு என்றால் பாதாளத்தில் தனியாக ஒரு கடல் இருப்பதுபோல ஆட்கள் பேசுகிறார்கள். வவுனியா, முல்லைத்தீவின் உட்பக்கம் பெரும்பாலும் பாறை நிலம். மேலே உக்கிய பாறைப் படையிலும் கீழே வெடிப்புகளிலும் நிற்கிற கொஞ்சத் தண்ணீரைத்தான் எல்லாரும் பங்கு போடுகிறோம். குளத்தில் தண்ணீர் நின்றால் கிணற்றிலும் நிற்கும், இது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒருவர் ஆழமாக அடித்து நாள் முழுக்க மோட்டார் போட்டால் பக்கத்துக் கமக்காரரின் கிணறு முதலில் காயும். கடற்கரைப் பக்கம் அதிகமாக இறைத்தால் உவர் ஏறும், ஏறிய உவர் லேசில் இறங்காது.

மாமாவின் வரைபடத்தை வைத்தே ஒரு கணக்குப் போட்டேன். 20 விருந்தினர், ஆளுக்கு நாளொன்றுக்கு 200 லீற்றர் என்று வைத்தால் 4,000 லீற்றர். எல்லாரும் திட்டுகிற நீச்சல் தடாகத்தை அடுத்துப் பார்த்தேன். பத்து மீற்றர் நீளம், ஐந்து மீற்றர் அகலம், கோடையில் நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீற்றர் ஆவியானால் 250 லீற்றர். முதல் நிரப்பும்போது பெரிய தொகைதான், ஆனால் அன்றாடம் குடிக்கிறது அதுவல்ல. கால் ஏக்கர் புல்தரை பச்சையாக இருக்க அதே ஐந்து மில்லிமீற்றரை ஊற்ற வேண்டும், அதற்கு 5,000 லீற்றர் போகும். அதாவது அந்த லொட்ஜில் தங்குகிற 20 பேரையும்விட அதிகமாகக் குடிக்கப்போவது புல். வன்னிக் காட்டைப் பார்க்க வருகிறவருக்கு இங்கிலாந்துப் புல்தரை எதற்கு? வீரையும் பாலையும் நிற்கிற காணியில் அவற்றை அப்படியே விட்டால் ஒரு சொட்டும் ஊற்றத் தேவையில்லை. ஆனி, ஆடியில் பாலைப்பழத்துக்குக் கரடி வருகிற காணி, அதைப் பார்க்கத்தானே காசு கொடுத்து வருகிறார்கள்!

புல்லை விட்டுவிட்டு, குளிப்பையும் சலவையையும் ஒழுங்குபடுத்தி ஆளுக்கு 100 லீற்றருக்குக் கொண்டுவரலாம். அப்போது 20 பேருக்கு 120 நாள் கோடைக்குத் தேவை 240,000 லீற்றர். 400 சதுர மீற்றர் கூரையில் மாரிக்கு 800 மில்லிமீற்றர் மழை விழுந்து, அதில் ஐந்தில் நாலு பங்கு கைக்கு வந்தாலே 256,000 லீற்றர். அதைச் சேர்க்கப் பத்து மீற்றர் நீளம், ஒன்பது மீற்றர் அகலம், மூன்று மீற்றர் ஆழத்தில் மூடிய தொட்டி போதும். கட்ட நல்ல செலவு வரும், மறுக்கவில்லை. நீச்சல் தடாகத்துக்குக் காசு இருக்கிறவரிடம் இதற்கும் காசு இருக்கும். ஓலையில் விழுந்த தண்ணீர் நிறம் மாறிக் குப்பையோடு வரும் என்பதால் சாப்பாட்டு மண்டபத்துக்கும் குசினிக்கும் களஞ்சியத்துக்குமாவது ஓடு போட வேண்டும். கிணறு உதவிக்கு இருக்கட்டும், அதற்கு மீற்றர் பூட்டியிருக்கட்டும்.

நடக்காத கதையும் சொல்லவில்லை. சான்சிபாருக்குப் பக்கத்தில் சும்பே என்று ஒரு சின்னப் பவளத் தீவு. அது சபாரி இடம் இல்லைத்தான், ஆனால் நன்னீர் கிடையாத இடம். அங்கே இருக்கிற ஏழு குடில்களும் தங்கள் கூரையில் விழுகிற மழையையே பிடித்துக் கீழே தொட்டியில் வைத்துப் பாவிக்கின்றன. மலசலகூடத்துக்குத் தண்ணீரே இல்லை, உக்கி உரமாகிற முறை. குளித்த தண்ணீர் செடிப் பாத்திகளுக்குள் போகிறது. அங்கேயும் வெளிநாட்டுக்காரர் நல்ல காசு கொடுத்துத்தான் தங்குகிறார்கள்.

கழிவுநீரைப் பற்றி யாருமே வாய் திறப்பதில்லை. மலக்குழி ஒன்று வெட்டி மூடிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். மாரியில் நிலத்தடி நீர் மேலே வருகிறபோது குழியில் இருக்கிறதும் சேர்ந்து மிதக்கும். குளத்தின் அலைகரையோரம் அழகான காட்சி என்று கட்டிய அறையின் கழிவு போய்ச் சேருகிற இடம் அந்தக் குளம்தான். எங்கள் குளங்கள் தொடர் குளங்கள். மேற்குளத்து வயலில் பாய்ந்த தண்ணீர் வடிந்து கீழ்க்குளத்துக்குப் போகும். மேலே ஒருவர் விட்ட அழுக்கைக் கீழே மூன்று ஊர் குடிக்கும். குளித்த, துவைத்த தண்ணீருக்கு வழி லேசானது. கல்லும் மணலும் நிரப்பிய பாத்தியில் சம்பும் கோரையும் கல்வாழையும் நட்டு அதற்குள் மெதுவாக ஓடவிட்டால் கல்லிலும் வேரிலும் ஒட்டி வாழ்கிற நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும். குசினித் தண்ணீரை மட்டும் முதலில் கொழுப்புப் பிடிக்கிற தொட்டிக்குள் விட்டு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பாத்தி அடைத்துவிடும். வடிந்து வருகிறது வாழைக்கும் தேசிக்கும் போகட்டும். மலக்குழியைப் பவுசர் வந்து இறைத்தால் அந்தப் பவுசர் எங்கே கொண்டுபோய் ஊற்றுகிறது என்றும் கேட்க வேண்டும். அனேகமாக இன்னொரு காட்டுக்கரையில்.

சரி, குப்பைக்கு வருவோம். அம்பாறை பள்ளக்காட்டில் குப்பை மேட்டில் பொலித்தீன் தின்று எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் செத்ததாக 2022 இல் செய்தி வந்தது. உலகம் முழுக்க அந்தப் படங்களைப் பார்த்தது. பிரதேச சபை எடுக்கும் என்பதன் மறுபக்கம் இதுதான். எடுத்த குப்பை மறைவதில்லை, லொட்ஜின் பின்பக்கத்திலிருந்து காட்டின் இன்னொரு பக்கத்துக்கு இடம் மாறுகிறது.

லொட்ஜ் குப்பை என்ன செய்யும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மோசமான சாட்சி கென்யாவின் மசாய் மாராவில் இருக்கிறது. றொபேட் சபோல்ஸ்கி என்ற விஞ்ஞானி அங்கே பபூன் என்கிற குரங்குகளின் கூட்டம் ஒன்றைக் கவனித்து வந்தார். 1980களின் நடுப்பகுதியில் அந்தக் கூட்டத்துப் பலசாலி ஆண்கள் பக்கத்து லொட்ஜ் ஒன்றின் குப்பைக் கிடங்குக்குச் சண்டை போட்டுச் சாப்பிடப் போகத் தொடங்கின. கிடங்கில் காசநோய் பிடித்த மாட்டின் இறைச்சி கிடந்திருக்கிறது. கூட்டத்தின் வளர்ந்த ஆண்களில் கிட்டத்தட்டப் பாதி செத்துப்போயின. குசினிக்காரர் கெட்ட இறைச்சியைக் குழியில் போட்டார், அவ்வளவுதான் நடந்தது. எங்கள் காட்டில் அந்தக் குழிக்கு யானை வரும், பன்றி வரும், ஊர் நாய் வரும், நாயைத் தேடிச் சிறுத்தையும் வரும். அப்புறம் ஊருக்குள் சிறுத்தை வந்துவிட்டது என்று கத்துவோம்.

வழி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. உக்கக்கூடியது அன்றன்றே மூடிய தொட்டியில் உரமாக வேண்டும், மின்வேலிக்கு உள்ளே. உக்காதது, மன்னாரிலிருந்தோ வவுனியாவிலிருந்தோ சாமான் ஏற்றி வருகிற அதே வாகனத்தில் திரும்பப் போக வேண்டும். திரும்பப் போகிற குப்பையைக் குறைக்க வேண்டுமென்றால் தண்ணீர்ப் போத்தலில் தொடங்குங்கள். கென்யா 2020 ஜூன் 5 முதல் தேசியப் பூங்காக்களுக்குள் ஒருமுறை பாவித்து எறிகிற பிளாஸ்ரிக்கை முற்றாகத் தடுத்தது. அதனால் அங்கே சபாரி நின்றுபோகவில்லை. பத்து அறைகளுக்குக் கண்ணாடிப் போத்தலும் நல்ல வடிகட்டியும் வைப்பது எங்களுக்கு ஏலாத காரியமா?

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்க முடியாது. பொதுவாக 99 அறைகளுக்கு மேல் அல்லது 40 ஹெக்டேயருக்கு மேல் போனால்தான் ஹோட்டலுக்கு முழுச் சுற்றாடல் மதிப்பீடு கேட்கப்படும். தேசிய ஒதுக்கத்தின் எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் என்றால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் எழுத்து அனுமதி வேண்டும். பத்து அறையோடு ஒரு மைலுக்கு அந்தப் பக்கம் நிற்கிற லொட்ஜ் இரண்டிலும் சிக்காது. அப்படிப் பத்து வந்தால் நூறு அறை, ஆனால் மதிப்பீடு ஒன்றுக்கும் இல்லை.

அதனால் ஊர்தான் கேட்க வேண்டும், கேட்பதற்கு எங்களிடம் இடமும் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் கோடை நெல்லுக்கென்று சிறுபோகக் கூட்டம் போடுகிறோம். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, இத்தனை ஏக்கர்தான் விதைக்கலாம் என்று முடிவெடுத்து, பங்கு பிரித்து, மிச்ச வயலைத் தரிசாக விடுகிறோம். இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் பேச்சு வந்தபோது கிளிநொச்சிக் கமக்காரர் எவ்வளவு உறுதியாக நின்றார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். கடைசியில் யாழ்ப்பாணத்துக்கென்று 2024 இல் தாளையடிக் கடற்கரையில் கடல்நீரை நன்னீராக்குகிற நிலையம் திறக்கப்பட்டது. தண்ணீர்க் கணக்குக் கேட்பது எங்களுக்குப் புதிதல்ல.

லொட்ஜ்காரரும் அந்தக் கூட்டத்துக்கு வரட்டும். கமக்கார அமைப்பின் முன்னால் போன கோடையின் மீற்றர் கணக்கைக் காட்டட்டும், தொட்டியில் எவ்வளவு மழைநீர் இருக்கிறது என்று சொல்லட்டும். குளம் குறைந்த வருடத்தில் ஐந்து ஏக்கர்க்காரர் இரண்டு ஏக்கர் விதைக்கச் சம்மதிக்கிறார் என்றால், பத்து அறைக்காரர் அந்தக் கோடைக்கு நாலு அறையைத் திறக்கச் சம்மதிக்க வேண்டும். பிரதேச சபை கட்டட அனுமதி கொடுக்க முதல் இந்தச் சம்மதத்தை எழுத்தில் வாங்க வேண்டும். மாமாவிடமும் இதைத்தான் சொன்னேன், காணிக்கு முற்பணம் கொடுக்க முதல்.